குரூப் மெடிக்ளெய்ம் எடுத்தால் இஎஸ்ஐ வேண்டாமா? மார்த்தாண்டத்துச் சிறு முதலாளி ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேட்டவர் மார்த்தாண்டத்துக்காரர். ஏத்தங்காய் சிப்ஸ் போடும் யூனிட் ஒன்றும், அதை விற்கும் கடை ஒன்றும் வைத்திருக்கிறார். யூனிட்டில் 9 பேர், கடையில் 5 பேர். யூனிட் அவர் பெயரில், கடை மனைவி பெயரில். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் வந்து, "ரெண்டும் தனித்தனி லைசென்ஸ், எதிலயும் பத்து பேர் இல்ல. ஒரு குரூப் மெடிக்ளெய்ம் எடுத்துட்டா இஎஸ்ஐ தொல்லையே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். (குரூப் மெடிக்ளெய்ம் என்றால் பணியாளர்களுக்குச் சேர்த்து எடுக்கும் மருத்துவக் காப்பீடு; இஎஸ்ஐ என்றால் அரசின் தொழிலாளர் காப்பீடு.) கேட்டவருக்கு அதோடு மூன்று சந்தேகங்கள். மச்சானையும் மச்சானின் அப்பா அம்மாவையும் அதே பாலிசியில் பணியாளர் குடும்பமாகச் சேர்த்துவிடலாமா? பிரீமியத்தில் பாதியைச் சம்பளத்தில் பிடிக்கலாமா? காய் சீவும் அக்கா ஒருவருக்கு வயது 56, சர்க்கரையும் உண்டு. அவரைச் சேர்த்தால் பிரீமியம் ஏறும் என்கிறார்கள், விட்டுவிடலாமா?

நாகர்கோவிலில் உட்கார்ந்து சிறு நிறுவனங்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏஜெண்ட் சொன்னதில் பிரீமியத் தொகை வேண்டுமானால் சரியாக இருக்கலாம். மற்றது தப்பு.

முதலில் தலைக் கணக்கு. 10 பேர் வேலை செய்தால் இஎஸ்ஐ கட்டாயம். இந்தப் பத்தை எண்ணும்போது சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. மேனேஜரும் ஒரு தலை, தினக்கூலிக்கு வரும் ஆளும் ஒரு தலை, காண்டிராக்டர் மூலம் வந்தவரும் ஒரு தலை. சந்தா கட்டுவது மட்டும்தான் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு. மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை. லைசென்ஸ் யார் பெயரில் என்பதை வைத்து இஎஸ்ஐ அதிகாரி எண்ணுவதில்லை. சிப்ஸ் உங்கள் யூனிட்டில் பொரிந்து மனைவியின் கடையில் விற்கிறது. வேன் ஒன்று, கணக்கு எழுதுகிறவர் ஒருவர், சம்பளம் போவதும் ஒரே கையிலிருந்து. நிர்வாகமும் தொழிலும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால் ஒரே நிறுவனம்தான். 1978இல் ராயல் டாக்கீஸ் வழக்கில், ஹைதராபாத் சினிமா கொட்டகைகளின் கேண்டீனிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் குத்தகைக்காரர்கள் வைத்திருந்த ஆட்களைக்கூடக் கொட்டகையின் ஆட்களாகவே உச்ச நீதிமன்றம் எண்ணியது. அப்படியிருக்க, ஒரே குடும்பத்தின் யூனிட்டையும் கடையையும் பிரித்துக் காட்டி எவ்வளவு நாள் ஓட்ட முடியும்?

ஒருமுறை இஎஸ்ஐ வரம்புக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் 8 ஆகக் குறைந்தாலும் வெளியே வர முடியாது. இது பழைய 1948ஆம் வருடச் சட்டத்திலும் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. "புதுச் சட்டம் வந்து இஎஸ்ஐ போச்சு" என்று சந்தையில் ஒரு பேச்சு உலவுகிறது. போகவில்லை, அந்தத் தொகுப்புக்குள் குடியேறியிருக்கிறது. கூடுதலாக ஒன்று வந்திருக்கிறது: 10 பேருக்குக் கீழே உள்ளவர்களும், முதலாளியும் பெரும்பான்மைப் பணியாளர்களும் ஒத்துக்கொண்டால், விருப்பத்தின் பேரில் சேரலாம். சம்பளத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸ் என்று பிரித்து எழுதினால் பாதியைத் தாண்டிய பகுதி கூலியாகவே எண்ணப்படும் என்பதும் இப்போது உண்டு. அடிப்படைச் சம்பளத்தை ஒடுக்கி, அலவன்ஸை ஊதிக் காட்டும் பழைய வித்தைக்கு இனி பலன் குறைவு.

"நல்ல மெடிக்ளெய்ம் வைத்திருக்கிறேன், விலக்குக் கொடுங்கள்" என்று கேட்க முடியாதா? விலக்கு என்று ஒன்று சட்டத்தில் உண்டு. ஆனால் அதை அரசுதான் தர வேண்டும், அதுவும் இஎஸ்ஐக்குச் சமமான அல்லது மேலான பலன்கள் தருகிறவர்களுக்கு. நீங்களாக எடுத்துக்கொள்கிற விலக்கு கிடையாது. 14 பேர் யூனிட்டுக்கு அந்த வாசலைப் பற்றி யோசிப்பதே நேர விரயம்.

இனிப் பணம். முதலாளி பங்கு கூலியில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. 12,000 ரூபாய் வாங்குகிறவருக்கு உங்கள் கையிலிருந்து 390, அவர் கையிலிருந்து 90, ஆக மாதம் 480. உங்கள் 14 பேரில் மேனேஜர், கணக்கர், வேன் ஓட்டுகிறவர் ஆகிய மூவர் 21,000க்கு மேல் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 11 பேர். எல்லோருக்கும் 12,000 என்றே வைத்துக்கொள்வோம். இன்று பதிவு செய்யாமல் விட்டு, ஒரு நாள் இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் ஐந்து வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். 480 பெருக்கல் 11 பெருக்கல் 60 மாதம்: 3,16,800 ரூபாய். அதில் தொழிலாளி பங்கும் உங்கள் தலையில்தான். பழைய மாதங்களுக்கான அவர்கள் பங்கை இப்போதைய சம்பளத்தில் பிடிக்க விடமாட்டார்கள். வருடத்துக்கு 12 சதவீத வட்டி தனி, அபராதம் தனி. ஏஜெண்ட் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்க மாட்டார்.

மெடிக்ளெய்ம் என்னதான் நல்லதாக இருந்தாலும் ஆஸ்பத்திரி பில்லைத்தான் கட்டும். சிப்ஸ் யூனிட்டில் உண்மையான பயம் எண்ணெய்ச் சட்டி. கையில் கொதி எண்ணெய் கொட்டி ஒருவர் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால், பில்லை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும். வீட்டு அரிசிக்கு என்ன வழி? இஎஸ்ஐயில் வேலையில் நேர்ந்த காயத்துக்குக் கூலியில் 90 சதவீதம் வருகிறது. சேர்ந்து எத்தனை நாள், எத்தனை சந்தா என்ற கேள்வி இதற்கு இல்லை. சாதாரணக் காய்ச்சல், ஆபரேஷன் என்று விடுப்பு எடுத்தால், போதிய நாள் சந்தா இருந்தால், 70 சதவீதம் கூலி வருடத்துக்கு 91 நாள் வரை. பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம் வரை நீளும். வேலையில் இறந்துபோனால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம். இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் எடுக்கப்போகும் குரூப் பாலிசி தராது. இன்னொன்று: இஎஸ்ஐ இல்லாத இடத்தில் வேலையில் அடிபட்டால் நஷ்ட ஈடு கொடுக்கும் பொறுப்பு நேராக முதலாளி மேல் விழும். மெடிக்ளெய்ம் அதற்குக் கேடயம் ஆகாது. இஎஸ்ஐ அந்தச் சுமையை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. முதலாளிகள் பலர் இதை யோசிப்பதே இல்லை.

இஎஸ்ஐ மருந்தகத்தில் காத்துக் கிடக்க வேண்டும், பெரிய வைத்தியத்துக்கு ரெஃபரல் சீட்டுக்கு அலைய வேண்டும், நம்மூர் ஆளுக்கு அவசரம் என்றால் கால் தானாகவே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ திருவனந்தபுரத்துக்கோதான் போகிறது. இந்தக் குறைகளெல்லாம் உண்மை. அதனால்தான் தொழிலாளியே வந்து, "சாரே, எனக்கு இஎஸ்ஐ பிடிக்காண்டாம், அந்த 90 ரூவாய கைல தாங்க" என்பார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அது போதும் என்பார். அந்த அட்டை நல்ல அட்டைதான், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்பது அதன் வரம்பு. மாதம் 12,000 சம்பளம் என்றால் ஒருவர் சம்பளமே அதைத் தாண்டிவிடுகிறது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், "எனக்கு வேண்டாம்" என்று தொழிலாளி எழுதிக் கொடுக்கும் தாளுக்கு இஎஸ்ஐ முன்னால் மதிப்பு இல்லை. சட்டம் தரும் உரிமையை அவரே எழுதிக்கொடுத்தும் விட முடியாது. அப்படி ஒரு தாளை வாங்கி ஃபைலில் வைத்திருப்பதைவிட, உட்கார வைத்து விவரம் சொல்லிப் புரியவைப்பது மேல்.

அப்படியானால் குரூப் பாலிசி தேவையே இல்லையா? அப்படிச் சொல்லவில்லை. அதற்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, இஎஸ்ஐக்கு வெளியே நிற்கும் உங்கள் மூன்று பேர். இரண்டு, இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கும் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் உடனே படுக்க ஒரு கூடுதல் வசதி. இரண்டாவது சட்டம் கேட்காதது. உங்கள் மனசும் பையும் சம்பந்தப்பட்டது.

இதிலும் ஒரு ஏஜெண்ட் கதை உண்டு. "பணியாளருக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம், அரசு ஆணையே இருக்கு" என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். அது 2020 ஏப்ரல் 15 தேதியிட்ட மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஊரடங்கு ஆணை. கொரோனா நேரத்தில் திறக்க அனுமதித்த நிறுவனங்களுக்குப் போட்ட நிபந்தனைகளில் ஒன்றாக அது இருந்தது. அந்த ஊரடங்கோடு அதுவும் போயிற்று. ஒரே பாலிசியை விற்க ஒருவர் "கட்டாயம்" என்கிறார், இன்னொருவர் "இதை எடுத்தால் கட்டாயத்திலிருந்து தப்பலாம்" என்கிறார். விற்கிறவர் வாயிலிருந்து சட்டம் கேட்டால் இதுதான் கிடைக்கும்.

மூன்று பேருக்கு மட்டும் குரூப் பாலிசி கிடைப்பது கஷ்டம். பொதுவாகக் குறைந்தது 7 பணியாளர் என்பார்கள். அப்போது உங்கள் முன் இரண்டு வழி. 14 பேரையும் சேர்த்து, ஆளுக்கு 1 லட்சமோ 2 லட்சமோ என்று சின்னத் தொகைக்குக் குரூப் எடுக்கலாம். அல்லது அந்த மூவரும் தங்கள் பெயரில் தனிக் குடும்ப பாலிசி எடுத்துக்கொள்ள, நீங்கள் பிரீமியத்தைக் கொடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. 10,000 ரூபாய் பிரீமியம் குரூப்பில் 11,800, தனியில் 10,000. சட்டப்படி கட்டாயமல்லாத குரூப் பாலிசியின் ஜிஎஸ்டியை உங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. தனி பாலிசியின் இன்னொரு நல்லது, ஆள் வேலையை விட்டுப் போனாலும் அது அவரோடு போகும்.

குரூப்புக்கு இருக்கும் பலம் வேறு. தனி பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புப் போடலாம். குரூப்பில் பேசி வாங்கினால் முதல் நாளிலிருந்தே அது சேரும். பிரசவமும் சேர்க்கலாம். உங்கள் மேனேஜருக்கு ஐம்பது வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் எனக்குக் குரூப்தான் சரியாகப் படுகிறது. மூவரும் முப்பதுக்குள், நோய் இல்லை என்றால் தனி பாலிசியே எடுக்கச் சொல்வேன். எதுவானாலும் பிரீமியத்தை வங்கி வழியாகக் கட்டுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. பணியாளருக்கு நீங்கள் கட்டும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் அவருடைய வருமானமாக எண்ணப்படாது என்பதையும் உங்கள் ஆடிட்டரிடம் சொல்லி வையுங்கள்.

மச்சான் விஷயம். வேண்டாம். சுத்தமாக வேண்டாம். முதலாளி–பணியாளர் குரூப் என்றால் பட்டியலில் உள்ளவர் உண்மையில் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவராகவும், அவர் குடும்பத்தவராகவும் இருக்க வேண்டும். மச்சானுக்கு ஆப்பரேஷன் என்று பெரிய கிளெய்ம் வரும்போது கம்பெனி முதலில் கேட்பது சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, வங்கி வழியே சம்பளம் போன ஆதாரம், இஎஸ்ஐ எண். அவற்றைப் பின்தேதி போட்டுத் தயாரிக்க இறங்கினால் அது பொய் ஆவணம் உண்டாக்கும் குற்றம். அதைவிட மோசம், பட்டியலில் ஒரு பொய் இருந்தால் மற்ற 14 பேரின் கிளெய்மையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். அந்த வருடம் ஒழுங்காகச் சேர்ந்தவர் ஒருவருக்கு மாரடைப்பு வந்து, கம்பெனி பேப்பர் பேப்பராக நோண்டிக்கொண்டிருந்தால் அதற்கு யார் பதில் சொல்வது? மச்சான் உண்மையிலேயே கடையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார் என்றால் கதை வேறு. அப்போது அவர் தலையும் இஎஸ்ஐ எண்ணிக்கையில் சேரும், அதையும் மறக்கக் கூடாது. கூட்டாளியாக இருந்தால் அவர் பணியாளரே அல்ல என்று ராமானுஜா மேட்ச் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதே ஆசையில் நம் மாவட்டத்தில் சபைக்காரர்களும் ஊர்க் கமிட்டிகளும் சிட்டுக் குழுக்களும் "நாங்களும் ஒரு குரூப் எடுக்கட்டுமா" என்று கேட்பதுண்டு. இன்சூரன்ஸ் எடுப்பதற்காகவே உண்டாக்கிய கூட்டத்துக்குக் குரூப் பாலிசி தரக் கூடாது என்பது 2005 முதல் இருக்கும் விதி. வேறு ஒரு உண்மையான நோக்கத்துக்காக ஏற்கெனவே இயங்கும் அமைப்பாக இருக்க வேண்டும். பாலிசி எடுத்துக்கொடுக்கும் அமைப்பு, கம்பெனி வாங்கும் பிரீமியத்துக்கு மேல் உறுப்பினரிடம் ஒரு ரூபாய் கூட வசூலிக்கக் கூடாது. முதலாளிக்கும் இதே அளவுகோல்தான்.

அதிலிருந்து சம்பளப் பிடித்தத்துக்கு வருவோம். இஎஸ்ஐயில் பேச்சே இல்லை: 0.75 சதவீதம் மட்டும் பிடிக்கலாம், உங்கள் 3.25ஐ எந்தப் பெயரிலும் சம்பளத்தில் இறக்கக் கூடாது. "இஎஸ்ஐ வந்ததால இந்த மாசத்திலிருந்து சம்பளம் 400 குறையும்" என்று சொல்வதும் அதேதான். சந்தா வந்ததைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைக்கச் சட்டம் விடவில்லை. பிடித்த 0.75ஐக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது வெறும் பாக்கி அல்ல, நம்பிக்கை மோசடி. கடனைத் தாமதமாகத் தீர்க்கிற மனநிலையில் இதைப் பார்க்காதீர்கள்; கிரிமினல் வழக்கு. கட்ட வேண்டியது அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள்.

குரூப் பாலிசியில் யார் எவ்வளவு போடுவது என்று சட்டம் வரையறுக்கவில்லை. பாதி பிடிக்கலாம், ஆனால் ஆள் ஆளாக எழுத்தில் சம்மதம் வாங்கி, அவர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில். ஜார்க்கண்ட், ஒடிசாப் பையன்கள் இருந்தால் அவர்களுக்குப் புரியும் மொழியில். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. கம்பெனி தந்த பிரீமியம் ரசீதின் நகலைப் பலகையில் ஒட்டுங்கள். பிடித்த தொகைக்கும் கட்டிய தொகைக்கும் கணக்கு எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருந்தால் முணுமுணுப்பு வராது. என் தனி அபிப்பிராயம்: 12,000 வாங்குகிறவரிடம் ஏற்கெனவே இஎஸ்ஐக்கு 90 போகிறது, கூடுதல் பாலிசி உங்கள் விருப்பம் என்றால் அவர் பங்கையும் நீங்களே போட்டுவிடுங்கள். 24,000 வாங்கும் மேனேஜரிடம் பாதி கேட்பதில் தப்பில்லை. ஏஜெண்ட் தன் கமிஷனில் ஒரு பகுதியை உங்களுக்குத் திருப்பித் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். இன்சூரன்ஸ் சட்டம் அதைக் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தடை செய்திருக்கிறது. பாதிப் பணம் தொழிலாளியுடையது என்னும்போது அந்தக் கமிஷன் யாருடைய பணம் என்று யோசித்தாலே போதும்.

இனி அந்த 56 வயது அக்கா. நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது இதுதான்.

இஎஸ்ஐயில் அவரை விடும் பேச்சுக்கு இடமே இல்லை. அங்கே வயதும் சர்க்கரையும் சந்தாவை ஒரு பைசா கூட்டுவதில்லை, 12,000க்கு 480 என்றால் இருபது வயதுப் பையனுக்கும் அவருக்கும் 480தான். குரூப் பாலிசியில் கேள்வி வரும். "நோயாளியை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு எடுக்கக் கூடாது" என்று தனியார் முதலாளியைப் பார்த்துச் சொல்லும் ஒற்றைப் பொதுச் சட்டம் கிடையாது; எச்ஐவி தொற்றுள்ளவரை வேலையிலோ காப்பீட்டிலோ ஒதுக்கக் கூடாது என்று 2017ஆம் வருடச் சட்டம் தனியாகச் சொல்கிறது, அவ்வளவே. ஆனால் கம்பெனியின் நிபந்தனை பெரும்பாலும் அதைச் செய்யவிடாது. ஒரு பிரிவு என்று வைத்தால் அந்தப் பிரிவில் உள்ள எல்லோரும் வர வேண்டும் என்பார்கள். ஆளைப் பொறுக்க முடியாது. "யூனிட் பணியாளர்", "கடைப் பணியாளர்", "ஒரு வருடம் முடித்தவர்" என்று பிரிக்கலாம். "சர்க்கரை இல்லாதவர்" என்று பிரிக்க முடியாது. அந்த அக்காவை விட வேண்டுமென்றால் பட்டியலில் அவர் உங்களிடம் வேலையே செய்யவில்லை என்று காட்ட வேண்டும். மச்சான் கதையில் இல்லாதவரை இருப்பதாகக் காட்டச் சொன்னீர்கள். இங்கே இருப்பவரை இல்லை என்று காட்ட வேண்டிவரும்.

நியாயப்படி பார்த்தாலும் இது தலைகீழ். இருபத்தைந்து வயதுப் பையனுக்குப் பாலிசி இருந்தால் நல்லது. அந்த அக்காவுக்குத்தான் தேவை. சர்க்கரைக் காரணமாகக் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் படுக்கிறவர் அவர்தான். பிரீமியம் ஏறும் என்பது உண்மை. கம்பெனியிடம் அவரோடு ஒரு கொட்டேஷன், அவர் இல்லாமல் ஒரு கொட்டேஷன் கேட்டு வாங்கி வித்தியாசத்தைப் பாருங்கள். அந்த வித்தியாசம் உங்கள் தீபாவளி போனஸ் பட்ஜெட்டில் எந்த மூலைக்கு என்று தெரிந்துவிடும். தாங்கவில்லை என்றால் எல்லோருக்கும் தொகையைக் குறைத்து எடுங்கள், மூன்று லட்சத்துக்குப் பதில் இரண்டு லட்சம். ஒருவரை வெளியே விட்டு மூன்று லட்சம் எடுப்பதைவிட அது நல்லது. இன்னும் ஒரு விஷயம், சிலர் வாயால் கேட்கத் தயங்குவது: பிரீமியம் ஏறுகிறதே என்று வயதானவரைச் சத்தமில்லாமல் வேலையிலிருந்து நிறுத்துவது. இஎஸ்ஐ நோய் உதவிப் பணம் வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்குவதையும் தண்டிப்பதையும் சட்டம் தடுக்கிறது. அதற்கு வெளியேயும், இருபது வருடம் காய் சீவியவரைப் பாலிசிக்காக அனுப்பிய யூனிட் என்ற பெயர் மார்த்தாண்டம் சந்தையில் ஒரு நாளில் பரவும்.

பெண் பணியாளர்கள் பற்றி ஒன்று. பெற்றோரைச் சேர்க்கும் பாலிசி என்றால், கல்யாணமான பெண்ணும் தன் அப்பா அம்மாவைச் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். கணவன் வீட்டாரை மட்டும் சேர்க்கும்படி ஃபாரம் நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். நம்மூரில் அம்மாவை மகள் பார்த்துக்கொள்ளும் வீடு எத்தனை!

நோய் விவரத்தை யார் பார்ப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சின்ன இடம், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஒருவர் பஸ் ஏறித் திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனால் இறங்குவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடுகிற ஊர் இது. டிஸ்சார்ஜ் சம்மரியும் உடல்நல உறுதிமொழித் தாளும் கடை மேசையில் கிடக்கக் கூடாது. பணியாளர் நேராகக் கம்பெனிக்கோ, அதற்காகக் கிளெய்ம் பார்க்கும் டிபிஏ நிறுவனத்துக்கோ அனுப்பட்டும். உங்களுக்குத் தேவை பெயர், வயது, குடும்பத்தார் பட்டியல், அவ்வளவே. மனநோய்க்கும் உடல் நோய் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் முதலாளி பேப்பரைப் பார்ப்பார் என்றால் அதற்கு யார் கிளெய்ம் போடுவார்?

பாலிசி எடுக்கும்போது பார்க்க வேண்டியவை பல உண்டு. நம்மூருக்கு முக்கியமான மூன்றை மட்டும் சொல்கிறேன். கம்பெனியோடு ஒப்பந்தமுள்ள ஆஸ்பத்திரிகளின் நெட்வொர்க் பட்டியலில் மார்த்தாண்டம், நாகர்கோவில் மட்டும் பார்த்தால் போதாது, பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளும் இருக்க வேண்டும். சில பாலிசிகளில் ஊரை மண்டலமாகப் பிரித்து, பெரிய நகரத்தில் படுத்தால் பில்லில் ஒரு பங்கை நம் தலையில் கட்டுவார்கள். திருவனந்தபுரம் எந்த மண்டலம் என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்தது அறை வாடகை வரம்பு. ஒரு லட்ச பாலிசியில் ஒரு சதவீதம் என்றால் நாளைக்கு ஆயிரம் ரூபாய் அறை. அதற்கு மேல் எடுத்தால் அறை வாடகை மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ் போன்ற, அறையோடு சேர்ந்த செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மூன்றாவது, புதிதாகச் சேரும் ஆள். பிரீமியம் கம்பெனி கைக்குப் போகாதவரை காப்பு தொடங்காது என்பது இன்சூரன்ஸ் சட்டத்தின் அடிப்படை. ஆகவே கம்பெனியில் சிடி பேலன்ஸ் என்று கொஞ்சம் முன்பணம் போட்டு வைத்து, ஆள் சேர்ந்த அன்றே மெயில் அனுப்பிச் சேர்க்க வேண்டும். "மாசக் கடைசியில எல்லாத்தையும் சேத்து அனுப்பலாம்" என்று வைத்திருந்த இடைவெளியில்தான் பைக் ஆக்சிடெண்ட் நடக்கிறது. அப்போது பில்லைக் கட்ட வேண்டிய தார்மீகப் பொறுப்பு யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொருவர் கையிலும் அவர் பெயர், குடும்பத்தார் பெயர், தொகை போட்ட சான்றிதழ் இருக்க வேண்டும். பாலிசி உங்கள் பீரோவில் பூட்டியிருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அவர் யாரைக் கேட்பார்? கேஷ்லெஸ் (கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவது) கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் ஒப்புதல் மூன்று மணி நேரத்துக்குள் என்று 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதி வைத்திருக்கிறது. பணியாளருக்கு அதைச் சொல்லி வையுங்கள், ஆஸ்பத்திரி கவுண்டரில் பேச ஒரு பிடி கிடைக்கும். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியாகவில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். குரூப் பாலிசியில் உள்ளவரும் தன் பெயரில் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை கேட்கலாம். அந்தப் புகாரை எழுத நீங்கள் கூட உட்கார்ந்து உதவலாம், அதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

வேலையை விட்டுப் போகிறவருக்கு இன்னொரு உரிமை உண்டு. குரூப்பிலிருந்து அதே கம்பெனியின் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். குரூப்பில் இருந்த காலம் காத்திருப்புக் கணக்கில் கழியும். ஆனால் கடைசி நாளுக்கு முன்பே கேட்டால்தான் இடைவெளி விழாமல் இருக்கும். அந்த அக்கா இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுவார் என்றால், அவருக்கு இதைச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான், ஏஜெண்ட் சொல்ல மாட்டார். இந்த வாரம் இஎஸ்ஐ போர்ட்டலில் பதிவு செய்துவிட்டு, இரண்டு கொட்டேஷன்களையும் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள், தொகையைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.